பின்சீட்டுச் சிறுமி

கைத்தாங்கலாகத்தான் மேடைக்கு வருகிறார். மைக் வரை அழைத்து வந்து விட்டுவிட்டு, கூட வந்தவர் ஒதுங்கிக்கொள்கிறார். பக்கத்தில் ஒரு ஸ்டாண்டில் பாடல் வரிகள் அடுக்கிய தடிமனான ஃபைல். ஒரு கை மைக் ஸ்டாண்டைப் பிடித்துக்கொள்கிறது. இன்னொரு கை சும்மா இருக்கிறது. ஏறக்குறைய ஐம்பது வருடம் அந்த இரண்டு கைகளுக்கும் நடுவே ஒரு கிதார் இருந்தது. இப்போது இல்லை. பின்னால் நிற்கும் கிதார்க்காரர்கள் தொடங்குகிறார்கள். லூசிண்டா வில்லியம்ஸ் வாய் திறக்கிறார். குரலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

2020 உலகத்துக்கே ஆகாத வருடம். லூசிண்டாவுக்கு அது தவணை முறையில் வந்தது. மார்ச் 3 அதிகாலை நாஷ்வில் நகரத்தைச் சூறாவளி புரட்டிப்போட்டதில் அவருடைய வீடும் சேதமானது. வீட்டைச் சரிசெய்வதற்குள் கொரோனா. ஏப்ரலில் 'குட் சோல்ஸ் பெட்டர் ஏஞ்சல்ஸ்' ஆல்பம் வெளிவந்தது. ஊர் ஊராகப் போய்ப் பாடத்தான் வழியில்லை. நவம்பர் 17 அன்று குளிக்கப் போனவர் காலை ஊன்ற முடியாமல் சரிந்தார். மூளையின் வலப்பக்கம் ரத்தக்கட்டு. பக்கவாதம். இடது கையும் இடது காலும் சொன்னபடி கேட்காமல் போயின. ஒரு வாரம் தீவிர சிகிச்சைப் பிரிவு, அதன்பின் சுமார் ஒரு மாதம் நடக்கப் பழகும் சிகிச்சை. அப்போது அவருக்கு வயது 67.

கிதாரில் இடது கைதான் பாட்டு தெரிந்த கை. கம்பியை அழுத்தி கார்டு (சுரக்கூட்டு) பிடிப்பது அதுதான். வலது கை மீட்டிவிடும், அவ்வளவு. (கிதார்க்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம், கொஞ்சம் மிகைப்படுத்தித்தான் சொல்கிறேன்.) அந்தக் கை போனால் பாடுவது மட்டும் நிற்காது; பாட்டு எழுதுவதும் நிற்கும். காரணம், இவர் பாட்டு எழுதும் முறை அப்படி. கிதாரை மடியில் வைத்துக்கொண்டு, நாலைந்து கார்டுகளைத் திரும்பத் திரும்ப வாசித்து, அதிலிருந்து சொல்லைப் பிடிப்பவர். எழுபதை நெருங்கும் ஒருவர் இதோடு ஓய்வு பெற்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். இவரோ எட்டு மாதம் கழித்து, 2021 கோடையில், கொலராடோவின் ரெட் ராக்ஸ் திறந்தவெளி அரங்கில், பாடகர் ஜேசன் இஸ்பெலின் கச்சேரிக்கு முன்னால் வந்து பாடினார்.

நம் வாசகர்களில் பாப் டிலனைத் தெரியாதவர்கள் குறைவு. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனையும் பலருக்குத் தெரியும். லூசிண்டாவின் பெயரைச் சொன்னால் "யாரு?" என்றுதான் கேட்பார்கள். அமெரிக்காவிலேயே பலர் அப்படித்தான் கேட்டார்கள். அவருடைய முதல் இருபது வருடக் கதையே அதுதான். 'டைம்' இதழ் அவரை அமெரிக்காவின் மிகச்சிறந்த பாடலாசிரியர் என்று சொன்னபோது வருடம் 2001. அவருக்கு வயது 48.

அப்பா ஒரு கவிஞர்

1953 ஜனவரி 1 அன்று கன்ட்ரி இசையின் சக்கரவர்த்தி ஹாங்க் வில்லியம்ஸ் கச்சேரிக்குப் போகும் வழியில் காரின் பின்சீட்டிலேயே இறந்துபோனார். அதே ஜனவரி 26-ம் தேதி லூசியானா மாநிலத்தின் லேக் சார்ல்ஸ் ஊரில் லூசிண்டா பிறந்தார். இரண்டு வில்லியம்ஸ்களுக்கும் உறவு எதுவும் இல்லை. ஆனால் லூசிண்டாவின் அப்பா மில்லர் வில்லியம்ஸ், அதற்கு முந்தைய வருடம் அதே லேக் சார்ல்ஸில் ஒரு கச்சேரி முடிந்ததும் ஹாங்கோடு உட்கார்ந்து குடித்தவர். அந்தக் கதையை வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். மில்லர் இறந்தது 2015 ஜனவரி 1. ஹாங்க் இறந்த அதே தேதி. கதையில் எழுதினால் ஆசிரியர் அடித்துவிடுவார்.

மில்லர் சாதாரணக் கவிஞர் இல்லை. 1997-ல் கிளின்டன் இரண்டாம் முறை பதவியேற்ற விழாவில் கவிதை வாசித்தவர். ஆனால் லூசிண்டா சிறுமியாக இருந்தபோது அவர் நிரந்தர வேலை இல்லாத கல்லூரி ஆசிரியர். ஒரு வருடம் ஒரு ஊர், அடுத்த வருடம் வேறு ஊர். விக்ஸ்பர்க், ஜாக்சன், மேக்கன், பேட்டன் ரூஜ், நியூ ஆர்லியன்ஸ், நடுவில் சிலி நாட்டின் சாண்டியாகோ, பிறகு மெக்சிகோ சிட்டி, கடைசியில் ஆர்கன்சாவின் ஃபேயட்வில். பதினெட்டு வயதுக்குள் ஒரு டஜன் ஊர் பார்த்தாயிற்று. அம்மா லூசில் பியானோ வாசிப்பார். மனநோய் அவரை அலைக்கழித்தது. பெற்றோர் பிரிந்தபோது பிள்ளைகள் அப்பாவிடம் வளர்ந்தார்கள்.

மேக்கனில் இருந்த காலத்தில் அப்பா ஒருமுறை மகளைக் கூட்டிக்கொண்டு, எழுத்தாளர் ஃபிளானரி ஓ'கானரைப் பார்க்கப் போனார். எழுதி முடிக்கும்வரை ஓ'கானர் யாரையும் உள்ளே விடமாட்டார். பெரியவர்கள் வாசலில் காத்திருக்க, நாலைந்து வயது லூசிண்டா முற்றத்தில் ஓ'கானரின் மயில்களைத் துரத்திக்கொண்டிருந்தார். எழுதும் நேரத்தில் கதவைத் திறக்காத ஒரு பெண்ணை அந்த வயதிலேயே பார்த்துவிட்டார் என்பதை இங்கே குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

1965-ல் பன்னிரண்டு வயது. அப்பாவின் மாணவர் ஒருவர் புதிதாக வந்திருந்த பாப் டிலனின் 'ஹைவே 61 ரிவிசிட்டட்' இசைத்தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பெரியவர்கள் கவிதை பேசிக்கொண்டிருந்த நேரத்தில் சிறுமி அதைப் போட்டுக் கேட்டாள். வீட்டில் இரண்டு உலகங்கள் இருந்தன: அப்பாவின் கவிதை, ரேடியோவின் பாட்டு. இரண்டும் ஒரே இடத்தில் நிற்க முடியும் என்று அன்றைக்குத் தெரிந்தது என்று பிறகு பலமுறை சொல்லியிருக்கிறார். பள்ளிக்கூடத்தை முடிக்கவில்லை. நியூ ஆர்லியன்ஸில் கொடி உறுதிமொழி சொல்ல மறுத்து, போராட்டங்களில் கலந்துகொண்டதில் வெளியே அனுப்பிவிட்டார்கள். அப்பா கோபப்படவில்லை, வீட்டிலிருந்த புத்தகங்களை நீட்டினார்.

எழுதிய பாட்டையெல்லாம் அப்பாவிடம் காட்டுவது பல வருடப் பழக்கம். அவர் மாணவர்களின் கவிதையைத் திருத்துவதுபோலத் திருத்திக் கொடுப்பார். 2001-ல் 'எசென்ஸ்' ஆல்பத்தின் பாடல்கள் போனபோதுதான் திருத்தம் எதுவும் இல்லாமல் திரும்பி வந்தன. அப்போது மகளுக்கு கிட்டத்தட்ட ஐம்பது.

எந்த அலமாரி?

லூசிண்டா பாடுவதை 'ரூட்ஸ்', அதாவது வேர் இசை என்பார்கள். அமெரிக்காவில் அப்படிச் சொல்வது ஒரே இசை இல்லை. கறுப்பின மக்களின் ப்ளூஸ், வெள்ளைக்கார விவசாயிகளின் கன்ட்ரி, தேவாலயத்துப் பாட்டு, மலைப்பகுதி நாட்டுப்பாடல் எல்லாம் ஒரே மண்ணில் கிடந்து ஒன்றோடொன்று கலந்தவை. தெற்கில் வளர்ந்த குழந்தைக்கு இதெல்லாம் ஒரே ரேடியோவில் வந்தது. கேட்கிறவருக்கு அதில் சிக்கல் இல்லை. விற்கிறவருக்குத்தான் சிக்கல்: கடையில் எந்த அலமாரியில் அடுக்குவது?

1978-ல் மிசிசிப்பியின் ஜாக்சன் நகரில், மலாக்கோ ஸ்டுடியோவில், ஃபோக்வேஸ் இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பழைய ப்ளூஸ், கன்ட்ரி பாட்டுகளைப் பாடிப் பதிவு செய்தார். கிடைத்த பணம் 250 டாலர். 1980-ல் சொந்தப் பாடல்களோடு இன்னொன்று. பிறகு எட்டு வருடம் ஒன்றுமில்லை. ஆஸ்டின், ஹூஸ்டன், லாஸ் ஏஞ்சல்ஸ் என்று மதுக்கடைகளில் பாடி, பகலில் கிடைத்த வேலையைப் பார்த்துப் பிழைத்தார். நடுவில் ஒரு பெரிய நிறுவனம் பணம் கொடுத்து மாதிரிப் பாடல்களைப் பதிவு செய்யச் சொன்னது. லாஸ் ஏஞ்சல்ஸில் இருந்த ராக் பிரிவு கேட்டுவிட்டு, இது கன்ட்ரி என்றது. நாஷ்விலில் இருந்த கன்ட்ரி பிரிவு கேட்டுவிட்டு, இது ராக் என்றது. இரண்டு பக்கமும் கதவு சாத்தியாயிற்று.

கடைசியில் கதவைத் திறந்தது யார் என்பதுதான் வேடிக்கை. ரஃப் டிரேட் என்கிற பிரிட்டிஷ் நிறுவனம், பங்க் இசைக்குப் பேர்போனது. அவர்களுக்கு கன்ட்ரி எது, ராக் எது என்கிற கவலையே இல்லை. 1988-ல் 'லூசிண்டா வில்லியம்ஸ்' என்று பெயரையே தலைப்பாக வைத்து ஆல்பம் வந்தது. அதிலிருந்த 'பேஷனேட் கிஸ்ஸஸ்' பாட்டை மேரி சாபின் கார்ப்பென்டர் பாடிப் பெரிய வெற்றியாக்க, 1994-ல் சிறந்த கன்ட்ரி பாடலுக்கான கிராமி விருது எழுதியவருக்குக் கிடைத்தது. விழாவுக்கு அவர் போகவில்லை. பயம். நான் அந்த இடத்துக்கான ஆள் இல்லை என்கிற கூச்சம்.

அதற்குப் பிறகு இரண்டு கிராமி. 1999-ல் ஃபோக் பிரிவில். 2002-ல் ராக் பிரிவில். எந்த அலமாரி என்று தெரியாமல் திருப்பி அனுப்பப்பட்டவருக்கு மூன்று விருதும் மூன்று வெவ்வேறு அலமாரிகளில் வந்து சேர்ந்தன. 'அமெரிக்கானா' என்று இந்த மாதிரி இசைக்கு ஒரு பெயர் வைத்து, அதற்கென்று சங்கம் தொடங்கியதே 1999-ல்தான். பெயர் வைப்பதற்கு இருபது வருடம் முன்பே இவர் அதைப் பாடிக்கொண்டிருந்தார்.

மூன்று முறை பதிவான ஆல்பம்

லூசிண்டாவைப் பற்றிப் பேசும் யாரும் 'கார் வீல்ஸ் ஆன் எ கிராவல் ரோடு' ஆல்பத்தைத் தாண்டிப் போக முடியாது. சரளைச் சாலையில் கார்ச் சக்கரங்கள். 1995-ல் ஆஸ்டினில் பதிவு தொடங்கியது. பத்து வருடத்துக்கும் மேலாகக் கூட இருந்த கிதார் கலைஞர் கர்ஃப் மார்லிக்ஸ் தயாரிப்பாளர். ஏறக்குறைய முடிந்துவிட்ட நிலையில், பாடகர் ஸ்டீவ் எர்லின் ஆல்பம் ஒன்றில் கூடப் பாடப் போனார் லூசிண்டா. அங்கே பதிவான தன் குரலைக் கேட்டவருக்குத் தன்னுடைய ஆல்பத்தில் இருக்கும் குரல் பிடிக்காமல் போயிற்று. நாஷ்விலில், தயாரிப்பாளர்களாக எர்ல், ரே கென்னடி இருவரோடும் மறுபடி முதலிலிருந்து. மார்லிக்ஸ் விலகினார்; அந்த நட்பு முறிந்தது. பிறகு லாஸ் ஏஞ்சல்ஸில், ஸ்பிரிங்ஸ்டீன் குழுவின் பியானோக்காரர் ராய் பிட்டனோடு இன்னொரு சுற்று. இடையில் நிறுவனமும் மாறியது.

1997-ல் 'நியூயார்க் டைம்ஸ்' ஞாயிறு இதழில் நீண்ட கட்டுரை ஒன்று வந்தது. அதைப் படித்தவர்கள் மனதில், ஒரு சொல்லையும் விட்டுவைக்காமல் கீறிக்கொண்டே இருக்கும் பதற்றக்காரியாக அவர் பதிந்தார். லூசிண்டாவுக்கு அதில் இன்றுவரை வருத்தம். எனக்கும் அவர் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. ஸ்டுடியோவில் ஒரு ஆண் ஐந்து வருடம் எடுத்துக்கொண்டால் மேதை. பெண் எடுத்துக்கொண்டால் பிரச்னைக்காரி. எழுதி முடிக்காமல் கதவைத் திறக்காத ஃபிளானரி ஓ'கானரை யாரும் அப்படிச் சொன்னதில்லையே.

1998 ஜூன் 30 அன்று ஆல்பம் வந்தது. அந்த வருடத்தின் சிறந்த ஆல்பமாக அமெரிக்க விமர்சகர்களின் வாக்கெடுப்பில் முதலிடம்.

அப்படி என்னதான் இருக்கிறது அதில்? முதலில், ஊர்ப்பெயர்கள். ஜாக்சன், மேக்கன், லேக் சார்ல்ஸ், கிரீன்வில், வெஸ்ட் மெம்பிஸ். பாட்டுக்குப் பாட்டு ஒரு பெயர்ப்பலகை கடந்து போகிறது. இரண்டாவது, செத்தவர்கள். டெக்சாஸில் 1989-ல் சுட்டுக் கொல்லப்பட்ட பாடகர் பிளேஸ் ஃபோலிக்கு ஒரு பாட்டு. குடித்தே போய்ச் சேர்ந்த பழைய காதலர் ஒருவருக்கு ஒரு பாட்டு. இதற்கு முந்தைய ஆல்பத்தில், ஃபேயட்வில்லில் 29 வயதில் தன்னைச் சுட்டுக்கொண்ட கவிஞர் ஃபிராங்க் ஸ்டான்ஃபோர்டுக்கு. எல்லாம் ஒப்பாரிதான், ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, யார் யார் வந்தார்கள், என்ன உடுத்தியிருந்தார்கள் என்று ஒன்றுவிடாமல் சொல்லும் ஒப்பாரி.

மூன்றாவது அந்தக் குரல். சொல்லின் கடைசியை முழுசாக முடிக்கமாட்டார். தூக்கக் கலக்கத்தில் பேசுவதுபோல் இழுத்து, அடுத்த சொல் தாளத்துக்குக் கொஞ்சம் பிந்தி வந்து விழும். சுருதி சுத்தம் எதிர்பார்ப்பவர்களுக்கு முதல் பாட்டிலேயே எரிச்சல் வரலாம். எனக்கு வந்தது. மூன்றாவது பாட்டில் போய்விட்டது.

தலைப்புப் பாட்டைப் பற்றி ஒரு சம்பவம். சமையலறை, காலை நேரம், ரேடியோ, கிளம்பச் சொல்லி அவசரப்படுத்தும் பெரியவர்கள், காரின் பின்சீட்டில் கண்ணீரோடும் அழுக்கோடும் ஒரு குழந்தை. நாஷ்விலின் ப்ளூபேர்ட் கஃபேயில் இதைப் பாடியபோது அப்பா கூட்டத்தில் இருந்தார். பாடி முடித்து வந்த மகளிடம் மன்னிப்புக் கேட்டார். எதற்கு என்று லூசிண்டாவுக்குப் புரியவில்லை. அந்தப் பின்சீட்டுக் குழந்தை நீதானே என்றார் அப்பா. பாட்டை எழுதியவருக்கு அதுவரை அது தெரியாது.

உலோகப் பட்டாசு

அந்த ஆல்பத்தில் 'மெட்டல் ஃபயர்கிராக்கர்' என்று ஒரு பாட்டு இருக்கிறது. பட்டாசைப் பற்றியது என்று நினைத்தேன். இசைக்குழு தங்கள் டூர் பஸ்ஸுக்கு வைத்திருந்த செல்லப்பெயராம் அது. சிறுவயதில் அப்பாவின் கார், பெரிய வயதில் பட்டாசு பஸ். இறங்கி உட்காரவே இல்லை.

கல்யாணமும் டூரில்தான். 2009 செப்டம்பரில் மினியாபொலிஸின் ஃபர்ஸ்ட் அவென்யூ அரங்கில் பாடி முடித்ததும், அதே மேடையில், ரசிகர்கள் பார்க்க, தன் மேனேஜர் டாம் ஓவர்பியை மணந்துகொண்டார். நடத்திவைத்தவர் அப்பா. 1952-ல் ஹாங்க் வில்லியம்ஸ் நியூ ஆர்லியன்ஸில் டிக்கெட் போட்டு மேடையில் கல்யாணம் செய்துகொண்டவர். அந்த முன்னுதாரணம் இவர்களுக்குத் தெரியும்.

2016-ல் வந்த ஆல்பத்தின் பெயரிலேயே ஒரு நெடுஞ்சாலை: 'த கோஸ்ட்ஸ் ஆஃப் ஹைவே 20'. சிறுவயதில் இருந்த ஜாக்சனையும் விக்ஸ்பர்க்கையும் தொட்டுக்கொண்டு போகும் சாலை. பஸ் ஜன்னல் வழியாக அந்த ஊர்களின் பலகைகளை மறுபடி பார்த்தபோது பிறந்த பாடல்கள். அதில் ஒரு பாட்டு அப்பாவின் மறதிநோயைப் பற்றியது. இனி என்னால் கவிதை எழுத முடியவில்லை என்று மில்லர் ஒருநாள் மகளிடம் சொல்லியிருக்கிறார். மகள் உடைந்து அழுதார். நோய் அப்பாவிடமிருந்து எழுத்தைப் பிடுங்கியதைக் கூட இருந்து பார்த்தவர், சில வருடத்தில் தன் இடது கைக்கு நேர்ந்ததையும் பார்க்க வேண்டியிருந்தது.

சாலை சில நட்புகளையும் தந்தது. 'சேஞ்ச்ட் த லாக்ஸ்' என்ற இவருடைய பாட்டை 1996-ல் ராக் பாடகர் டாம் பெட்டி பாடியிருந்தார். 2017 செப்டம்பரில் பெட்டியின் ஹாலிவுட் பவுல் கச்சேரிகளுக்கு முன்னால் பாட லூசிண்டாவை அழைத்தார்கள். கடைசி நாள் கச்சேரி முடிந்த ஒரே வாரத்தில் பெட்டி இறந்துபோனார்.

கை இல்லாமல் எழுதியவை

பக்கவாதத்துக்குப் பிறகு வந்த முதல் ஆல்பம் 'ஸ்டோரீஸ் ஃப்ரம் எ ராக் அண்ட் ரோல் ஹார்ட்'. வெளியான தேதி 2023 ஜூன் 30. கார் வீல்ஸ் வந்து சரியாக 25 வருடம். அதற்கு இரண்டு மாதம் முன்பு அவருடைய சுயசரிதையும் வந்தது. தலைப்பை மொழிபெயர்த்தால் 'நான் உன்னிடம் சொன்ன ரகசியங்களை யாரிடமும் சொல்லாதே'. சொல்லிவிட்டு மேடையிலும் அதையே ஒரு நிகழ்ச்சியாக்கிவிட்டார்: பின்னால் திரையில் பழைய படங்கள் ஓட, ஊர்க்கதை, அப்பா கதை, அதையொட்டி ஒரு பாட்டு. கிதார் போன இடத்தில் கதை வந்து நின்றது.

கிதார் இல்லாமல் எப்படி எழுதினார்? சொல்லும் மெட்டும் மனதில். டூர் மேனேஜர் டிராவிஸ் ஸ்டீபன்ஸ் கிதாரை வைத்துக்கொள்வார். இவர் சொல்லச் சொல்ல கார்டைத் தேடுவார். இது இல்லை, இன்னொன்று, அதுவும் இல்லை. கணவர் டாம் வரிகளோடு வருவார். நியூயார்க் பாடகர் ஜெஸ்ஸி மாலினும் சில பாட்டுகளில் கைகொடுத்தார். ஒற்றை ஆளாகக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதியவருக்கு இது புதுப் பழக்கம்.  தயாரிப்பில் கார் வீல்ஸில் இருந்த அதே ரே கென்னடி. ஸ்பிரிங்ஸ்டீனும் அவர் மனைவி பேட்டி ஸ்கேல்ஃபாவும் இரண்டு பாட்டுகளில் பின்குரல் தருகிறார்கள்.

ஆல்பம் எப்படி? உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். குழுவை மறுபடி சேர்ப்போம் வா என்று கும்மாளமாகத் தொடங்கும் முதல் பாட்டு எனக்கு ஒட்டவில்லை. ராக் அண்ட் ரோலைப் புகழும் பாட்டுகளில் பழைய லூசிண்டாவின் கூர்மை இல்லை. பெருமிதம் இருக்கிறது, விவரம் இல்லை. விவரம்தான் அவருடைய பலம். அது திரும்பி வரும் இடங்களில் ஆல்பம் எழுந்து நிற்கிறது. 'ஹம்ஸ் லிக்கர்' பாட்டைக் கேளுங்கள். மினியாபொலிஸில் ஒரு மதுக்கடை. ரீப்ளேஸ்மென்ட்ஸ் குழுவின் கிதார்க்காரர் பாப் ஸ்டின்சன் காலையிலேயே அந்தக் கடைக்கு நடந்து போவதை டாம் ஓவர்பி ஒருகாலத்தில் பார்த்திருக்கிறார். ஸ்டின்சன் 1995-ல் இறந்தார். பாட்டில் இப்போது கூடப் பாடுவது அவருடைய தம்பி டாமி. டாம் பெட்டியை நினைத்து எழுதிய 'ஸ்டோலன் மொமென்ட்ஸ்' காரில் போகிறவர் திடீரென்று இறந்தவரை நினைத்துக்கொள்ளும் பாட்டு, அவ்வளவு எளிமை. பாட்டு தன்னை வந்து கண்டுபிடிக்கும் இடத்தைப் பற்றிய 'வேர் த சாங் வில் ஃபைண்ட் மி'யில் வயலின்களுக்கு மேலே அந்தக் குரல் மெதுவாக ஏறும்போது, இடது கை நினைவுக்கு வராமல் இருக்காது.

2024 டிசம்பரில் இன்னொன்றும் செய்தார். லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவில் பதிவு செய்த பீட்டில்ஸ் பாடல்களின் தொகுப்பை வெளியிட்டார். பெருந்தொற்று முடக்கிப்போட்ட சிறு அரங்குகளுக்கு உதவ 2020-ல் தொடங்கிய 'லூஸ் ஜூக்பாக்ஸ்' வரிசையில் அது ஏழாவது. பிறர் பாட்டைப் பாடும்போது அவர் ஜாலியாக இருக்கிறார். ஆனால் அந்தத் தொகுப்பு சேகரித்து வைத்துக்கொள்ளும் ரகம் இல்லை.

லூசிண்டாவைக் கேட்டே இராதவர்களுக்கு ஒரு வார்த்தை. பக்கவாதத்துக்குப் பின் வந்த ஆல்பங்களில் தொடங்காதீர்கள். கார் வீல்ஸில் 'லேக் சார்ல்ஸ்' பாட்டைப் போடுங்கள், ராத்திரி, ஏதாவது ஊருக்குப் போகும் பஸ்ஸில். முதல் தடவை பிடிக்காவிட்டால் இன்னும் இரண்டு தடவை கேளுங்கள். அவரே அந்த ஆல்பத்தை மூன்று முறை செய்தவர்தான்.